காருக்குள்ளே என்ன கோளாறு?

மழை பெய்யும் இரவு. ஹரியானா மாநிலத்தில், மலை அடிவாரத்தில் கால்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரயிலை விட்டு இறங்கிய ஒரு குடும்பம் சிம்லா போக வேண்டும். வாடகைக் கார் ஒன்று கிடைக்கிறது. கார் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது.

திடீரென்று வைப்பர் நின்று விடுகிறது. கண்ணாடியில் மழைநீர் வழிகிறது. சாலை தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம்.

ஓட்டுநர் காரை மெதுவாக ஓரம் கட்டுகிறார். நான்கு இண்டிகேட்டர்களையும் மின்ன விடுகிறார். பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். வைப்பருக்கான பியூஸ் எரிந்து போயிருக்கிறது.

அருகே ஒரு டீக்கடை. அங்கே நிற்பவர் யோசனை சொல்கிறார். "ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வையுங்கள், பாய் சாகிப். வைப்பர் ஓடும். மற்றதைச் சிம்லாவில் பார்த்துக் கொள்ளலாம்."

கம்பியைச் சுற்றலாமா? கூடாதா? அதைத் தெரிந்துகொள்ள, காரில் மின்சாரம் ஓடும் விதத்தை முதலில் பார்ப்போம்.

காரில் மின்சாரம் ஓடும் விதம்

காரில் மின்சாரம் தருவது பேட்டரி. பெரும்பாலான கார்களில் இது 12 வோல்ட் பேட்டரி. அதற்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் சுமார் 2 வோல்ட் தருகிறது.

பேட்டரியில் இரண்டு முனைகள் உண்டு. ஒன்றில் + என்ற குறி இருக்கும். மற்றொன்றில் − என்ற குறி இருக்கும். மின்சாரம் + முனையில் கிளம்பி, வயர் வழியாக விளக்குக்குப் போகிறது. பிறகு பேட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பி வரத் தனி வயர் தேவையில்லை. காரின் இரும்பு உடம்பே வழியாக இருக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் எர்த் என்கிறார்கள்.

எர்த் வயர் உடம்போடு சேரும் இடத்தில் துருப் பிடித்தால் மின்சாரம் சரியாகத் திரும்பாது. விளக்கு மங்கும். ஒரு விளக்கைப் போட்டால் வேறொன்று மின்னும். பல்பை மாற்றியும் பயன் இல்லையா? எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். துருவைச் சுரண்டி, திருகை இறுக்கினாலே பல சமயம் சரியாகிவிடும்.

பியூஸ் ஒரு காவல்காரன்

ஒரு வயர் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் ஓடினால் வயர் சூடாகும். மேலே உள்ள பிளாஸ்டிக் உருகும். பிறகு தீப்பிடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் பியூஸ். பியூசுக்குள் மெல்லிய உலோகத் துண்டு இருக்கிறது. மின்சாரம் அளவு மீறினால் அது முதலில் உருகிவிடும். வழி அறுந்துபோகும். வயர் தப்பிக்கும். கார் தப்பிக்கும். காருக்குள் இருப்பவர்களும் தப்பிப்பார்கள்.

ஆகவே பியூஸ் எரிந்தால் அது பியூசின் குற்றம் இல்லை. எங்கோ தவறு நடக்கிறது என்று அது தெரிவிக்கிறது.

பியூசுக்குப் பதில் செம்புக் கம்பியை வைத்தால் என்ன ஆகும்? கம்பி எளிதில் உருகாது. அதற்கு முன் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர் உருகும். அங்கிருந்து தரை விரிப்பிலும் சீட்டிலும் தீ பரவும். சீட்டுக்குள் இருக்கும் பஞ்சு எரிந்தால் நச்சுப் புகை வரும். சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாளைச் சுற்றி வைப்பதும் இதே ஆபத்துதான்.

எண்ணைப் படியுங்கள்

இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் தட்டையான பிளாஸ்டிக் பியூஸ்தான் இருக்கிறது. அதன் தலையில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது எத்தனை ஆம்பியர் மின்சாரம் தாங்கும் என்பதைக் காட்டும். எண்ணுக்கு ஏற்ப நிறமும் உண்டு.

10 என்றால் சிவப்பு.
15 என்றால் நீலம்.
20 என்றால் மஞ்சள்.
25 என்றால் நிறமில்லாமல் கண்ணாடி போல் இருக்கும்.
30 என்றால் பச்சை.

பழைய கார்களில் கண்ணாடிக் குழாய் போன்ற பியூஸ் இருக்கும். அதிலும் எண் உண்டு.

பியூஸ் பெட்டி பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டு ஓரத்தில் இருக்கும். பானட்டைத் திறந்தால் பேட்டரி அருகே இன்னொன்று இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஒரு படம் இருக்கும். எந்த பியூஸ் எதற்கு என்று அதில் போட்டிருக்கும். காரோடு தரும் கையேட்டிலும் இந்தப் படம் உண்டு. பல கார்களின் பெட்டியிலேயே ஒன்றிரண்டு உபரி பியூஸ்களும், பியூசைப் பிடுங்க ஒரு சின்ன இடுக்கியும் வைத்திருப்பார்கள்.

பியூசை மாற்றும்போது இந்த முறையைப் பின்பற்றுங்கள்.

1. எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்.
2. பியூசைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் துண்டு அறுந்திருந்தால் அது எரிந்த பியூஸ்.
3. அதே எண் உள்ள பியூசையே போடுங்கள். 15 இருந்த இடத்தில் 30 போடக் கூடாது.
4. புது பியூசும் உடனே எரிந்தால் மறுபடி மாற்ற வேண்டாம். காரணத்தைத் தேட வேண்டும்.

மலைப்பாதைக்குத் திரும்புவோம்

கால்காவில் கிளம்பிய அந்த ஓட்டுநர் கம்பியைச் சுற்றவில்லை. டார்ச் விளக்கை அடித்து, முன் கண்ணாடியின் அடியில் பார்க்கிறார். ஈர இலைகளும் பைன் மர ஊசிகளும் கொத்தாகச் சிக்கியிருக்கின்றன. வைப்பர் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அசைய முடியாத மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். அதனால்தான் பியூஸ் எரிந்திருக்கிறது.

வைப்பர் சுவிட்சை அணைத்துவிட்டு, குப்பையை எடுத்துப் போடுகிறார். வைப்பரைக் கையால் மெல்ல நகர்த்திப் பார்க்கிறார். தடையில்லை. அவரிடம் உபரி பியூஸ் இல்லை. எரிந்த பியூசின் எண்ணைப் படிக்கிறார். 15. மூடியில் உள்ள படத்தைப் பார்க்கிறார். ரேடியோவின் பியூசும் 15தான். அதைப் பிடுங்கி வைப்பருக்குப் போடுகிறார். வைப்பர் ஓடுகிறது. அன்று இரவு காரில் பாட்டு இல்லை. ஆனால் குடும்பம் பத்திரமாகச் சிம்லா போய்ச் சேருகிறது.

அவர் பெரிய மெக்கானிக் இல்லை. ஓர் எண்ணைப் படித்தார். ஒரு காரணத்தைத் தேடினார். அவ்வளவுதான்.

செல்ஃப் எடுக்காவிட்டால்

காலையில் சாவியைத் திருப்புகிறோம். கார் கிளம்பவில்லை. என்ன கோளாறு? காதால் கேளுங்கள். கண்ணால் பாருங்கள்.

"டக் டக்" என்று சத்தம் வருகிறது. விளக்கும் மங்குகிறது. அப்படியானால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது.

விளக்கு பிரகாசமாக எரிகிறது. ஆனால் எந்தச் சத்தமும் இல்லை. அப்படியானால் செல்ஃப் மோட்டாரிலோ அதன் சுவிட்சிலோ கோளாறு இருக்கலாம்.

கார் ஓடும்போது டாஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரிகிறது. அப்படியானால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றும் பெல்ட்டிலோ கோளாறு. ஏ.சி.யை அணைத்துவிட்டு அருகிலுள்ள பட்டறைக்குப் போங்கள். எஞ்சின் சூடும் ஏறினால் உடனே காரை நிறுத்துங்கள். சில கார்களில் அதே பெல்ட்டுதான் எஞ்சினைக் குளிர வைக்கும் பம்பையும் சுற்றுகிறது.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். காய்ந்த பிறகு வாசலின் தடவுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் − முனையைக் கழற்றுங்கள். மாட்டும்போது − முனையைக் கடைசியாக மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பெரிய தீப்பொறி வரும்.

பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடித்து வெடிக்கக் கூடியது. உள்ளே இருப்பது அமிலம். கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊருக்கு ஏற்பவும் பேட்டரியின் தொல்லை மாறும். ராஜஸ்தான் வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. லடாக் குளிரில் பேட்டரியின் பலம் குறையும். பழைய பேட்டரி அங்கே திடீரென்று கைவிடும்.

விளக்கும் ஹார்னும்

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னுகிறதா? அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று பெரும்பாலும் பொருள்.

பிரேக் விளக்கு ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. இரவில் காரை ஒரு சுவருக்கு முன்னால் பின்புறமாக நிறுத்துங்கள். பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. பின்னால் வரும் லாரியிடமிருந்து இது உயிரைக் காக்கும்.

புதிதாகப் பெரிய ஹார்ன், கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி மாட்டும்போது கவனம் தேவை. வயரைச் சுரண்டி முறுக்கி, மேலே டேப் ஒட்டினால் போதாது. நாளடைவில் டேப் கழன்றுவிடும். வயர் இரும்பில் உரசும். ஷார்ட் ஆகும். கூடுதல் பொருளுக்குத் தனி பியூஸ் வைக்கச் சொல்லுங்கள்.

எரியும் வாடை வந்தால் காரை ஓரம் கட்டுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். பானட்டிலிருந்து புகை வந்தால் அதை அகலத் திறக்க வேண்டாம். காற்றுப் பட்டால் தீ வளரும். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மின்சாரத்தில் ஓடும் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் இருக்கும். அவற்றில் ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடும். அவற்றைத் தொடவே கூடாது.

ஈரமும் எலியும்

காருக்குள் மிதியடி நனைந்திருக்கிறதா? மழை இல்லாத நாளிலும் இடது பக்கம் முன்னால் ஈரமாக இருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மழை நாளில் மட்டும் ஈரம் என்றால் கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம். ஈரத்தை அப்படியே விடாதீர்கள். விரிப்புக்கு அடியில் வயர்கள் போகின்றன. தரை இரும்பும் துருப்பிடிக்கும்.

எலி வயரைக் கடிக்கும். காருக்குள் பிஸ்கட் தூள், பழத்தோல் கிடந்தால் எலி தேடி வரும். காரைத் துடைத்துச் சுத்தமாக வைப்பதே முதல் மருந்து. நாள் கணக்கில் நின்ற காரை எடுக்கும்முன் பானட்டைத் திறந்து பாருங்கள்.

சீட்டு அசைகிறதா?

முன் சீட்டு இரண்டு தண்டவாளங்கள் மேல் நகர்கிறது. அடியில் உள்ள லீவரைத் தூக்கினால் பூட்டுத் திறக்கும். விட்டால் "கிளிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

சீட்டு நகரவில்லை என்றால் தண்டவாளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயம், பேனா மூடி, குழந்தையின் பொம்மை ஏதாவது மாட்டியிருக்கும். மணலும் தூசும் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு, சிறிது கிரீஸ் தடவினால் போதும்.

நகராத சீட்டைவிடப் பூட்டாத சீட்டு ஆபத்தானது. மேட்டில் ஏறும்போது அது சட்டென்று பின்னால் போகும். கால் பிரேக்கை எட்டாது. எனவே சீட்டைச் சரி செய்தபின் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் காரை எடுக்க வேண்டாம். ஓடும் காரில் ஓட்டுநர் சீட்டை நகர்த்தவே கூடாது.

ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்விட்டால் பிரேக் மிதிபடாது.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயரோ மஞ்சள் பிளாஸ்டிக்கோ தெரிந்தால் கை வைக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். சில கார்களில் சீட்டின் ஓரத்திலேயே ஏர்பேக் இருக்கும். அந்தச் சீட்டுக்குச் சாதாரண உறை போட்டால் ஏர்பேக் விரிய முடியாது. உறை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பெல்ட்டைச் சோதியுங்கள்

பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் அது காப்பாற்றாது. நூல் பிரிந்த பெல்ட்டையும், பெரிய விபத்தில் இழுபட்ட பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

பெல்ட் போடாவிட்டால் கார் "பீப் பீப்" என்று சத்தமிடும். சிலர் அந்தச் சத்தத்தைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். சத்தத்தை நிறுத்த ஒரு போலிக் கொக்கியை வாங்கிச் செருகுகிறார்கள். இதுவும் பியூசில் கம்பி சுற்றுவது போலத்தான். எச்சரிக்கிறவனின் வாயை அடைப்பதால் ஆபத்து போய்விடாது. இந்தக் கொக்கிகளை விற்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பெல்ட் முன் சீட்டுக்கு மட்டும் அல்ல. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் ஒரு கார் விபத்து நடந்தது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி அதில் இறந்தார். விலை உயர்ந்த கார் அது. அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீசார் தெரிவித்தனர். 2019ஆம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பெல்ட் போடாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்தைவிட உயிர் பெரியது அல்லவா?

கதவும் குழந்தையும்

பின் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒரு சின்ன நெம்பி தெரியும். அதுதான் குழந்தைப் பூட்டு. அதைப் போட்டால் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியிலிருந்து மட்டுமே திறக்கலாம். உள்ளே திறக்காத பின் கதவைப் பார்த்துச் சிலர் கதவே கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். முதலில் இந்த நெம்பியைப் பாருங்கள்.

கண்ணாடி இறங்கவில்லையா? பின் கண்ணாடிகள் மட்டும் இறங்கவில்லை என்றால், ஓட்டுநர் கதவில் உள்ள பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கலாம். எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டால் பியூசைப் பாருங்கள்.

வெயிலில் நிற்கும் காரில் குழந்தையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 5 நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். மூடிய காரில் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி வெப்பம் ஏறிவிடும். விளையாட்டாகக் காருக்குள் ஏறி, வெளியே வர முடியாமல் இறந்த குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. நிற்கும் காரை எப்போதும் பூட்டி வையுங்கள். சாவியைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

காரில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றிய தேதி, பல்பு மாற்றிய தேதி, கொடுத்த பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பட்டறையில் பில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் மாற்றியதையே இந்த மாதமும் மாற்றச் சொன்னால் நோட்டைத் திறந்து காட்டலாம்.

நல்ல மெக்கானிக் இதனால் கோபப்பட மாட்டார். "எப்போது ஆரம்பித்தது? மழையிலா, வெயிலிலா? எந்த விளக்கைப் போட்டால் வருகிறது?" என்று அவரும் கேட்பார். பதில் நோட்டில் இருந்தால் அவர் வேலை பாதி குறையும். உங்கள் செலவும் குறையும்.

மங்கும் விளக்கு, எரியும் பியூஸ், ஆடும் சீட்டு, கத்தும் பெல்ட்டு எல்லாம் நம்மிடம் ஏதோ சொல்கின்றன. அவற்றின் வாயை அடைக்க வேண்டாம். காது கொடுத்துக் கேட்போம்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. பியூசுக்குப் பதில் கம்பியைச் சுற்றினால் என்ன ஆபத்து?
2. 15 என்ற எண் உள்ள பியூஸ் என்ன நிறம்?
3. பிரேக் விளக்கை ஒருவரே எப்படிச் சோதிக்கலாம்?
4. பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்? ஏன்?
5. உங்கள் ஊரில் ஓடும் வண்டி ஒன்றின் பியூஸ் பெட்டியை ஓட்டுநர் அனுமதியோடு பாருங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.